கயிறு கட்டின வீட்டில் ரம் உருண்டை

டிச. 14, ஞாயிறு

பனி. ஏற்காட்டு மலை ஒன்பது மணி வரை கண்ணிலேயே படவில்லை. மேரி பிஸ்கட் பொடித்தாயிற்று. மிக்ஸி சூடேறி நின்று நின்று ஓடியது. அதற்கும் என்மேல் என்ன வஞ்சமோ.

வாங்க வேண்டியது: கோகோ பவுடர் 2 பா., சாக்லேட் கட்டி, கண்டென்ஸ்டு மில்க், முந்திரி (உடைசல் போதும்), கறுப்புத் திராட்சை, சின்ன பேப்பர் கப். ரம் தம்பி கொண்டுவருகிறான்.

டெய்சி டீச்சருக்குப் பத்துப் பெட்டி. கிறிஸ்துமஸுக்குச் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் கொடுக்கப் போகிறாராம். கேக் என்றால் குக்கரிலேயே செய்து கொடுத்துவிடுவேன். அது வேண்டாமாம், ரம் உருண்டைதான் வேண்டுமாம். போனில் வீடியோ தேடினேன். "அவன் இல்லாமல், அடுப்பு இல்லாமல்" என்று போட்டிருந்தது. அவன் இல்லாமல் என்று படித்ததுமே எனக்குப் பிடித்துவிட்டது.

தம்பி மத்தியானம் ஓசூரிலிருந்து வந்தான். பாட்டிலைத் துண்டில் சுற்றி, மேலே இரண்டு கிலோ கேரட். இங்கே பொம்மிடியில் வாங்கச் சொல்ல முடியாது. கடையில் பாட்டில் எடுத்துக் கொடுக்கிறவனிலிருந்து வரிசையில் நிற்கிறவன் வரை எல்லாரும் இந்த ஆளுக்குக் கூட்டாளி.

இந்த ஆள் என்றால் என் வீட்டுக்காரர். நேரில் ஏங்க, என்னங்க. இங்கே எழுதும்போது ஆள் போதும்.

ஆடியிலிருந்து ஆள் கையில் கயிறு. ஏரியூரில் இருக்கிற அவர் அக்கா கோயிலுக்கு இழுத்துக்கொண்டு போய், பூசாரி கையால் கட்டவைத்தார். தை முடிகிறவரை குடிப்பதில்லை என்று சாமி முன்னால் சத்தியம். அன்றிலிருந்து ஊரே பாராட்டுகிறது. பதிமூன்று வருஷமாகக் குடிக்காத என்னை ஒரு நாய்கூடப் பாராட்டவில்லை.

எனக்குச் சாமிமேல் நம்பிக்கை உண்டு. ஆள்மேல் இல்லை. அதனால் தினம் சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டு வந்ததும் வாசற்படியிலேயே நிறுத்தி, "ஊதுங்க." ஊதினால்தான் உள்ளே. கொய்யா இலை, கிராம்பு, பச்சை வெங்காயம், எதை மென்றுகொண்டு வந்தாலும் என் மூக்கு கண்டுபிடித்துவிடும். கல்யாணத்துக்கு அப்புறம் நான் கற்றுக்கொண்ட ஒரே வித்தை.

பாட்டில் என் டிரங்குப் பெட்டியில். சாவி என் தாலிக்கொடியில்.

"எதுக்குக்கா இந்த வேல, அதுவும் இந்த வூட்டுல?" என்றான் தம்பி. கயிறு தை வரைக்கும்தான். அதற்கப்புறம் இந்த ஆள் பழையபடி விழுந்தால் என் கையில் ஒரு தொழில் வேண்டாமா. டீச்சர் நாலு பேருக்குச் சொன்னால் போதும், பிழைத்துக்கொள்வேன்.

டிச. 15, திங்கள்

திராட்சையை ரம்மில் ஊறப்போட்டேன். மூடியைத் திறந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பதிமூன்று வருஷ ராத்திரிகள் எல்லாம் அந்த வாசனையில் இருந்தன. கிண்ணத்தைத் தட்டு போட்டு மூடி, மேலே அம்மிக் குழவியையும் வைத்தேன்.

சாயங்காலம் ஆள் வந்தார். மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிற கடை, கையெல்லாம் வார்னிஷ். படியில் நின்றே மூக்கை உறிஞ்சினார்.

"என்னா, வூடு பூரா நம்ம வாசம் அடிக்குது."

"திராட்ச ஊறுதுங்க."

"கயிறு குடிக்கறதுக்குத்தான கட்டுனது. திங்கறதுக்குப் பூசாரி ஒண்ணும் சொல்லலியே."

வேடிக்கையாம். நான் சிரிக்கவில்லை. யாழினி சிரித்தது. எட்டு வயசுக்கு அப்பன் சொல்கிற எல்லாமே ஜோக்குத்தான்.

"ஊதுங்க" என்றேன். ஊதினார். டீ, பீடி. வேறொன்றும் இல்லை.

டிச. 17, புதன்

மார்கழி பிறந்துவிட்டது. கோலம் போடவில்லை. குளிரில் குனிய முடியவில்லை, யாராவது கேட்டால் கேட்கட்டும்.

ஏரியூர் நாத்தனார் போன். ஆள்தான் வத்தி வைத்திருக்கிறார்.

"ஏம்மா தேவி, கயிறு கட்டுன வூட்டுல சரக்கு வெச்சிருக்கியாமே."

"பலகாரத்துக்குங்க அண்ணி."

"பலகாரமோ பாயசமோ. சாமி குத்தம் ஆயிடும். என் தம்பி இப்பத்தான் மனுசனா இருக்கான்."

"இத்தன வருசம் என்னவா இருந்தாருங்க? அப்பவும் உங்க தம்பிதான?"

வைத்துவிட்டார். பெண் பார்க்க வந்த அன்று "பையன் ஒரு டீ காப்பிகூடக் குடிக்க மாட்டான்" என்று சொன்ன வாய் அது. பொய் இல்லை. அப்போது டீ குடித்ததில்லை.

டிச. 18, வியாழன்

முதல் ஈடு. பிஸ்கட் பொடி, முந்திரி, கோகோ, கண்டென்ஸ்டு மில்க், ஊறின திராட்சை. சாக்லேட்டைச் சுடுதண்ணீர் மேல் கிண்ணம் வைத்து உருக்கி ஊற்றிப் பிசைந்தேன். நெல்லிக்காய் அளவு. கையில் நெய் தடவினால் ஒட்டாது என்று வீடியோவில் சொன்னாள். ஒட்டியது. அவள் வாயில் மண்.

டீச்சர் ருசி பார்க்க வந்தார். ஒன்றை வாயில் போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"ரம் பத்தல தேவி. தொண்டையில லேசா சுடணும்."

"எவ்ளோ ஊத்தணும் டீச்சர்?"

"சாப்ட்டுப் பாரும்மா. அப்பத்தான தெரியும்."

டீச்சர் போன பிறகு இன்னும் ஊற்றிப் பிசைந்து ஒன்றை வாயில் போட்டேன். துப்பினேன். இன்னொன்று போட்டேன். கசப்பு, தித்திப்பு, அப்புறம் நெஞ்சுக்குள்ளே ஒரு வெதுவெதுப்பு. இதற்காகவா என் ஆயுசில் பாதியைத் தின்றார் இந்த ஆள். இதற்கு ஒரு கம்பளி போதுமே.

அளவு சரியா என்று பார்க்க இன்னும் ஒன்று. சரிதான்.

டிச. 19, வெள்ளி

இன்றைக்கு ஆள் வந்தது எட்டு மணிக்கு. கடை சாத்துவது ஆறுக்கு.

"ஊதுங்க."

ஊதினார். ரம். குப்பென்று ரம்.

எனக்குள் என்னவோ குளிர்ந்துகூடப் போயிற்று. நான் சொன்னேனா இல்லையா என்று. அக்கம்பக்கம் கேட்கிற மாதிரியே கத்தினேன். கயிறாவது மயிராவது, குடிச்சிட்டு வந்து நிக்கிறீங்க, உங்கக்காளுக்குப் போனப் போடறேன். ஆள் அசையவில்லை.

"உன் கைய மோந்து பாரு" என்றார்.

மோந்தேன். ரம். முந்தானை ரம். உள்ளே போய்க் கடுகு டப்பாவைத் திறந்தேன், காப்பித்தூளைத் திறந்தேன், துவைக்கிற சோப்பை எடுத்து மோந்தேன். எல்லாம் ரம். அப்படியானால் அவர் வாயில் வந்தது அவருடையதா, என்னுடையதா? எப்படித் தெரியும்?

திரும்பி வந்து, "சரி போங்க" என்றேன். வேறு என்ன சொல்வது. என் மூக்கு வேலை செய்யவில்லை என்று இந்த ஆளுக்குத் தெரிந்தால் அவ்வளவுதான்.

டிச. 20, சனி

பெட்டி 4 ஆயிற்று. இன்னும் 6.

இன்றைக்கும் எட்டு மணி. ஊதினார், ரம் வாசனை, "சரி போங்க." முகத்தில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை.

யாழினியைக் கூப்பிட்டு, அப்பாவிடம் ஒரு முத்தம் வாங்கிக்கொண்டு வா, என்ன வாசனை என்று சொல் என்று அனுப்பினேன். போய்விட்டு வந்தது.

"வார்னிஷ்."

"வேற?"

"வேற ஒண்ணும் இல்லம்மா." பக்கத்தில் வந்து என் தோளில் மூக்கை வைத்தது. "அப்பாவோட பழைய வாசம் உம்மேலதான் வருது."

தொடையில் சுள்ளென்று ஒன்று வைத்தேன். அழாமல் பாயைச் சுருட்டிக்கொண்டு அவர் பக்கம் போய்ப் படுத்துக்கொண்டது. அழுதிருந்தால் கொஞ்சம் ஆறியிருப்பேன்.

டிச. 21, ஞாயிறு

உருட்டி உருட்டித் தோள்பட்டை இற்றுப்போகிறது. உடைந்தது நாலு. குழந்தைக்குக் கொடுக்க முடியாது, குப்பையில் போட மனசு வரவில்லை. தின்றேன். வலி தெரியவில்லை. பாத்திரம் தேய்க்கும்போது யார்மேலும் கோபம் வரவில்லை. ஏரியூர்க்காரிமேல்கூட.

டிச. 22, திங்கள்

மறுபடி எல்லார்மேலும் கோபம்.

ஆறரைக்கு வீட்டைப் பூட்டி யாழினியைக் கையில் பிடித்துக்கொண்டு கிளம்பினேன். கையும் களவுமாகப் பிடித்துவிடுவது என்று. கடை சாத்தியிருந்தது. சரக்குக் கடை முக்கில் முக்காடு போட்டுக்கொண்டு நின்றேன். ஆள் அங்கே இல்லை. என் தலையெழுத்து, அங்கே நின்றவனெல்லாம் என்னைத்தான் பார்த்தான். பெட்டிக்கடைக்காரம்மாவிடம் கேட்டேன்.

"ஸ்டேஷனாண்ட இருப்பாரு பாருங்க. தெனமும் அங்கதான் உக்காந்திருக்காரு."

பிளாட்பாரத்துக் கடைசி பெஞ்சு. மப்ளர் கட்டிக்கொண்டு, கையில் காலி டீக் கப்பு. தனியாக.

"இங்க என்ன பண்றீங்க?"

"ரயில் பாக்கறேன்."

"வூடு இல்லியா உங்களுக்கு?"

காலி கப்பைப் பெஞ்சுக்கடியில் வைத்தார். பிறகு சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "கதவத் தொறந்தாலே மூஞ்சில வந்து அடிக்குது தேவி. பாயில, தலகாணில, சோத்துல. உனக்கென்னா, பலகாரம். எனக்கு நாக்கு ஊறுது. நீ எல்லாத்தையும் எடுத்து மூடற வரைக்கும் இங்க உக்காந்திருந்துட்டு வரேன்."

"குடிக்கலன்னு நான் எப்பிடி நம்பறது?"

"உன் மூக்குக்கு ஒண்ணும் தெரியலன்னு எனக்கு வெள்ளிக்கெழமயே தெரியும். குடிக்கணும்னா அன்னிக்கே குடிச்சிருப்பேன். யாரு கண்டுபிடிச்சிருப்பா?"

அப்படியானால் தெரிந்தே தினமும் வந்து படியில் நின்று ஊதியிருக்கிறார். எனக்கு அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. குடித்ததையெல்லாம் ஊருக்கே தெரிகிற மாதிரி குடித்த ஆள், குடிக்காமல் இருப்பதை மட்டும் எனக்குத் தெரியாமல் செய்கிறார்.

மூன்று பேரும் நடந்தே வந்தோம். யாழினி நடுவில். படியில் நின்று வாயைத் திறந்தார். "போங்க உள்ள, பனி இறங்குது" என்றேன்.

டிச. 23, செவ்வாய்

பத்தாவது பெட்டியும் முடிந்தது. ரிப்பன் பச்சை வாங்கியிருக்க வேண்டும், கடையில் சிவப்புத்தான் இருந்தது.

இன்றைக்கு உடைசல் ஒன்றும் இல்லை. ஒன்றை நானே உடைத்தேன்.

டிச. 24, புதன்

காலையில் டீச்சர் வீட்டில் பெட்டிகளைக் கொடுத்தாயிற்று. வாசலில் நட்சத்திரம் கட்டிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் ஒன்றைத் தின்றுவிட்டு, "இப்பத்தான் சரியா வந்திருக்கு, கை வந்துடுச்சு உனக்கு" என்றார். பள்ளிக்கூடத்தில் எல்லாரிடமும் சொல்கிறேன் என்றார். பொங்கலுக்கு யார் ரம் உருண்டை தின்பது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் ஒரு சிரிப்பு சிரிப்பார்.

வந்து வீடு கழுவினேன். பினாயில். சன்னல் எல்லாம் திறப்பு. பாய், தலையணை வெயிலில். சாப்பாடு: புளிச்சாறு, அப்பளம்.

ஆள் இன்றைக்கு ஆறேகாலுக்கே வந்துவிட்டார். படியில் நின்று வீட்டுக்குள் மோந்து பார்த்தார். முகம் தெளிந்திருந்தது. அந்த முகத்தை நான் கல்யாண போட்டோவில் பார்த்ததுதான்.

"மிச்சம் எதுனா இருக்குதா?"

"கால் பாட்டில் இருக்குங்க."

"ஆர்டர்தான் முடிஞ்சிதில்ல. சாக்கடையில ஊத்திரு. நானும் நேரத்தோட வூட்டுக்கு வந்துருவேன்."

நியாயமான பேச்சு. காலையில் தரை கழுவும்போது நானும் அதைத்தான் நினைத்திருந்தேன். பெட்டியைத் திறக்கச் சாவியைக்கூடக் கையில் எடுத்துவிட்டேன். வாய் வேறு சொன்னது.

"நியூ இயருக்கு ஆர்டர் இருக்குங்க. தம்பி ஆபீசுல கேட்டிருக்காங்க."

"அப்பிடியா." கொஞ்சம் யோசித்தார். "சரி, வெச்சிக்க. ஒரு வாரந்தான. நான் ஸ்டேஷன்லயே உக்காந்துக்கறேன்."

அவ்வளவுதான். யார், எத்தனை பெட்டி, எப்போது சொன்னான், ஒன்றும் கேட்கவில்லை. இந்த ஆள் இத்தனை வருஷத்தில் சொன்ன ஒரு வார்த்தையைக்கூட நான் இப்படி நம்பியதில்லை. இப்படி நம்புகிறவரிடம் எப்படிச் சண்டை போடுவது?

மப்ளரை எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். இன்றைக்குப் பனி ஜாஸ்தி.

தம்பி ஆபீஸில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.