வாயாடியின் கால் இன்னும் ஆறவில்லை

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. நேற்று பயிற்சியாளர் லாயத்துக்கு வந்து, மாதக் கடைசிப் பந்தயத்தில் உன் குதிரை வாயாடியை ஓடவிடச் சொல்லிவிட்டாய் என்றார். போனில் பேசினால் கத்திவிடுவேன், நீயும் வைத்துவிடுவாய். அதனால்தான் கடிதம்.

நீ பார்த்த வீடியோவில் அவள் நொண்டாமல் நடக்கிறாள், உண்மைதான். அதை எப்போது எடுத்தார்கள் தெரியுமா? காலுக்கு லேசர் சிகிச்சை கொடுத்து முடித்த கையோடு! அப்போது வலி கொஞ்ச நேரம் அடங்கியிருக்கும். எடுத்தவர் நம் குதிரைக்கார அண்ணன். கூப்பிட்டுக் கேட்டால், "போட்டோவுக்கு நிக்கும்போது முகம் கழுவிப் பவுடர் போடுறதில்லையாம்மா? தம்பி பாத்து சந்தோஷப்படட்டுமேன்னுதான்" என்று தலையைச் சொறிகிறார். அவரை என்ன சொல்ல? பாசத்தில் செய்துவிட்டார். நீ குதிரைமேலேயே வளர்ந்தவன். காலைத் தொட்டுப் பார்க்காமல், என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல், இப்படித் தலைகால் புரியாமல் குதிப்பாயா?

மருத்துவரம்மா இன்று காலையில் ஸ்கேன் எடுத்தார். "வலிதான் குறைஞ்சிருக்கு. தசைநார்க் கிழிசல் இன்னும் கூடல. இப்ப ஓடினா மொத்தமா அறுந்துடும். அப்புறம் என்னைக் கூப்பிடாதீங்க" என்று பயிற்சியாளர் முகத்துக்கு நேராகவே சொன்னார். அந்த மனுஷன் என்ன சொன்னார் தெரியுமா? "குதிரை அவரோடது, அவர் சொன்னா நான் என்ன பண்றது" என்று போனை நோண்டிக்கொண்டு நின்றார். எனக்கு வந்த கோபத்துக்குத் தண்ணீர் வாளியைத் தூக்கி அவர் தலையில் கவிழ்த்திருப்பேன்.

இங்கே நடப்பது உனக்கு விளையாட்டாக இருக்கிறதா? காலில் முடியை மழித்து, அவள் கண்ணைக் கட்டி, நானும் கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்கார வேண்டும். உன் அத்தான் என்னைச் சினிமா வில்லி என்கிறார். லேசரை ஒரே இடத்தில் நிறுத்தினால் தோல் வெந்துவிடும். அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும், கை விட்டுப்போகும். பிறகு கயிற்றைப் பிடித்து மெதுவாக நடை, நேர்கோட்டில் மட்டும். அவளுக்கும் சலிப்பு. என் பின்னலைக் கடித்து இழுத்து வம்பு செய்கிறாள். அவள் அப்படி வம்பு செய்வதைப் பார்க்கத்தான் இத்தனை பாடும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. அவளுக்கு அடிபட்ட அன்றைக்கு அவளோடு நீயும்தான் விழுந்தாய். உன் காலைப் பார்த்த மருத்துவரும் பொறுக்கச் சொன்னார். நீ காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவன் மாதிரிக் கிளம்பிப் போய் மறுபடி குதிரை ஏறினாய். போன தடவை இங்கு வந்தபோது மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, முழங்காலை மடக்காமல் ஒவ்வொரு படியாக இறங்கினாய். நாங்கள் எல்லோரும் வேறு பக்கம் பார்த்துக்கொண்டோம். உன் கால் உன் இஷ்டம், விட்டுவிட்டேன். இவளுக்கு வேண்டாம் என்று சொல்ல வாய் இல்லையடா. வாயாடி என்று பெயர் வைத்ததே நீதான்.

பயிற்சியாளரைக் கூப்பிட்டுப் பந்தயத்திலிருந்து அவள் பெயரை எடுக்கச் சொல். நீ சொன்னால்தான் கேட்பாராம். அதுவரை லாயத்துச் சாவி என் இடுப்பில்தான் இருக்கும்.

அப்புறம், இங்கே வா. ஒரு பக்கம் கயிற்றை நீ பிடி. அவள் வேகத்துக்கு நீயும் நட. கடவுள் புண்ணியத்தில் முதலில் இரண்டு பேரும் ஒழுங்காக நடங்கள். ஓடுவதைப் பிறகு பார்க்கலாம்.

கோபம் தீராத,
உன் அக்கா