பெரிய வியாழனும் உன் ஒற்றைக் காலும்

என் அன்பு மச்சான் மாணிக்கத்துக்கு,

நீ போன பிறகு வந்த முதல் பெரிய வியாழன் நேற்று முடிந்தது. உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? உன் அக்காவிடம் சொல்லலாம் என்றால், உன் பேரை எடுத்தாலே எழுந்து அடுப்படிக்குப் போய்விடுகிறாள். வெங்காயம் நறுக்காமலே அங்கே நின்று அழுகிறாள்.

தெங்கேரா கடைவீட்டு மாடியில்தான் இன்னும் கூடுகிறோம். கீழே சைக்கிள் கடை இருந்த இடத்தில் இப்போது காப்பிக்கடை. மாடிப்படி மட்டும் அப்படியே, நீ திட்டிக்கொண்டே ஏறிய அதே செங்குத்துப் படி. நாம் வேலை செய்த ரெம்பியா எஸ்டேட்டை முதலாளி விற்றுவிட, நாமெல்லாம் ஆளுக்கொரு பக்கமாக டவுனுக்கு வந்து சிதறியபோது, நம் சபையைச் சேர்த்து வைத்தது இந்த மாடிதான். ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு வீட்டில் இடித்துப் பிடித்து உட்கார்ந்திருந்த நமக்கு நாற்காலி போட ஓர் இடம் கிடைத்ததே என்று அன்று துள்ளியவன் நீ.

டவுனில் நம் சபைப் பேரைச் சொன்னால் ஒருவருக்கும் புரியாது. மென்னோனைட் என்றால், ஏதாவது மருந்தா என்று கேட்பார்கள். விவரம் தெரிந்த வயதில்தான் ஞானஸ்நானம், ஆயுதம் எடுப்பதில்லை, சத்தியம் செய்வதில்லை, சொன்ன சொல்லே போதும் என்று பாஸ்டர் பொறுமையாக விளக்குவார். நீ குறுக்கே புகுவாய். "சண்ட போடாத சபைலா இது. சண்டையெல்லாம் வீட்டுல, அத்தான்கூட மட்டுந்தான்."

அதையும் போட்டோமே, மச்சான்.

பெரிய வியாழனன்று, இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல், திருவிருந்துக்கு முன்னால் ஒருவர் காலை ஒருவர் கழுவுவோம் அல்லவா, அதில் நீயும் நானும் எப்போதும் ஜோடி. மற்றவர்கள் வீட்டிலேயே தேய்த்துக் கழுவி, நகம் வெட்டி, பவுடர்கூடப் போட்டுக்கொண்டு வருவார்கள். நீ மட்டும் சிலிண்டர் ஏற்றுகிற கேஸ் லோரியிலிருந்து நேராக இறங்கிச் செருப்போடு வந்து நிற்பாய். "அழுக்கே இல்லாத கால கழுவி என்னாத்துக்கு? உங்களுக்கும் ஒரு வேல வேணும்லா அத்தான்."

ஒரு வருஷம் உன் இடது காலைப் பேசினில் வைத்துத் தேய்த்தபோது, கட்டைவிரலுக்கு அடியில் என் விரல் உள்ளே போனது. தண்ணீர் நிறம் மாறியது. நீயோ மேலே பார்த்துப் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தாய். உனக்கு வலிக்கவே இல்லை. அதனால்தான் மறுநாளே ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனேன். இனிப்புநீர், அந்தச் சர்க்கரை வியாதி, முற்றிப்போய்விட்டது என்றார்கள். முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

"உங்க கை பட்டுத்தான் என் கால் போச்சு" என்று கட்டிலில் படுத்தபடி சொன்னாய். அதோடு பேச்சை நிறுத்தினாய். மனக்கசப்போடு திருவிருந்து எடுக்கக்கூடாது என்று சபைப் பக்கமும் தலைகாட்டவில்லை. எனக்குக் கோபம் வரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன். உயிர் பிழைத்தவன் ஒரு வார்த்தை பேசினால் குறைந்தா போய்விடுவான் என்று உன் அக்காவிடம் கத்தியிருக்கிறேன்.

அடுத்த பெரிய வியாழனுக்கு, உன் மகன் யோவேலின் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறி வந்தாய். என் முன்னால் உட்கார்ந்து, பொய்க்காலைக் கழற்றிச் சுவரில் சாய்த்தாய். நல்ல காலைக் கொடுத்தாய், கழுவினேன். பிறகு அந்த வெட்டுப்பட்ட மிச்சத்தைத் தூக்கி என் மடியில் வைத்தாய். "இதையும் கழுவுங்க அத்தான். இது மட்டும் என்னா பாவம் பண்ணுச்சு?" எனக்குக் கண்ணே தெரியவில்லை. நீ விடவில்லை. "தண்ணி பேசின்ல இருக்கு அத்தான், கண்ணுலேருந்து எடுக்காதீங்க."

அந்தக் கிண்டலைக் கேட்க இப்போது எங்கே போவேன்? போன கிறிஸ்மஸுக்குக் கொஞ்சம் முன்னால், தூக்கத்திலேயே உன் நெஞ்சு நின்றுவிட்டது. உன்னைப் பெட்டியில் வைத்தபோது யோவேல் என் பக்கத்தில் வந்து நின்றான். "நீங்க அந்தப் புண்ண பாக்காமலே இருந்திருந்தா, அப்பா முழுசா போயிருப்பாரு மாமா" என்றான். அதற்குப் பிறகு அவனும் என்னோடு பேசவில்லை. ஒரே குடும்பத்தில் எத்தனை பேரிடம்தான் நான் பேச்சை இழப்பது?

இதற்கிடையில் சபையில் ஒரு பேச்சு எழுந்தது. டவுனில் வேலை செய்கிற பிள்ளைகளுக்கு சாக்ஸைக் கழற்றிக் காலை நீட்டக் கூச்சமாக இருக்கிறதாம். வேறு ஊர்ச் சபைகளில் செய்வதுபோல் கையைக் கழுவிக்கொள்ளலாமே என்றார்கள். முதலில் கைதூக்கியவன் யோவேல். விருப்பப்படுகிறவர்கள் காலையே கழுவட்டும், அதற்கும் ஒரு பேசின் இருக்கட்டும் என்று பாஸ்டர் முடித்துவைத்தார்.

நேற்று அந்தப் பேசினைப் பிடித்துக்கொண்டு முட்டி போட்டு உட்கார்ந்திருந்தேன். எதிரில் உன் நாற்காலி. ஒருவரும் வரவில்லை. கை கழுவுகிற வரிசை மட்டும் நகர்ந்துகொண்டே இருந்தது. உன் அக்கா பெண்கள் பக்கத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து வீட்டுக்குப் போய்விடலாம் என்று சட்டையில் கையைத் துடைத்தேன்.

அப்போது யோவேல் வரிசையிலிருந்து விலகி வந்து உன் நாற்காலியில் உட்கார்ந்தான். டுரியான் துங்காலில் உள்ள ஆபீசிலிருந்து நேராக வந்தவன், சப்பாத்துக் கயிற்றை அவிழ்த்துக் கழற்றவே ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டான். சாக்ஸை உருவிக் காலை நீட்டினான். கழுவுங்கள் என்று சொல்லவில்லை.

"பாருங்க மாமா" என்றான்.

"என்னாத்தடா பாக்க?"

குனிந்து என் காதில் சொன்னான். "எனக்கும் இனிப்புநீராம். போன மாசம் டாக்டர் சொன்னாரு. வீட்டுல யாருக்கும் தெரியாது. நானே பாத்துக்க பயமா இருக்கு மாமா."

மச்சான், உன் பிள்ளையின் கால் உன் கால் மாதிரியே இருக்கிறது. அதே அகலம், அதே கோணல் சுண்டுவிரல். ஒவ்வொரு விரலையும் விலக்கிப் பார்த்தேன். குதிகாலைத் திருப்பிப் பார்த்தேன். கண்ணாடி நனைந்துபோக, கழற்றிவிட்டு விரலால் தடவித் தடவிப் பார்த்தேன். ஒன்றும் இல்லையடா, ஒரு கீறல்கூட இல்லை என்றேன். சின்னப் பிள்ளையைப்போல என் தோளில் விழுந்து தேம்பினான். அவன் அழுகையில் உன் குரல் இருந்தது. நானும் அழுதேன். கண்ணுலேருந்து எடுக்காதீங்க என்று சொல்லத்தான் ஆளில்லை.

அங்கே இரண்டு காலோடு நடக்கிறாயா? யாராவது கழுவிவிடுகிறார்களா?

இன்று காலை அவனே வீட்டுக்கு வந்து உன் அக்காவிடம் விஷயத்தைச் சொன்னான். அவள் திட்டினாள், பிறகு சர்க்கரை போடாத தேநீர் கொடுத்தாள். நான் உனக்குக் கொடுக்கிற சொல் இது, நம் வழக்கப்படி சத்தியம் இல்லை, வெறும் சொல். இனி வருஷத்துக்கு ஒருமுறை என்று காத்திருக்க மாட்டேன். ஒவ்வொரு ஞாயிறும் ஆராதனை முடிந்ததும் உன் மகன் உன் நாற்காலியில் உட்காருவான். என் கண் தெரிகிறவரை பார்ப்பேன். கண் போனால் விரலால் பார்ப்பேன்.

உன் காலைத் தொட்ட கையோடு,
உன் அக்காளைக் கட்டிய அத்தான்
சாமுவேல்