அப்பா நீட்டிய கை

என் கண்ணம்மா,

உன் கரீபியன் தீவுக்கு வரணும்னா மஞ்சள் காய்ச்சல் ஊசி கட்டாயமாம். நேத்து போட்டுக்கக் கிளம்பினேன். "துணைக்குத்தான் வர்றேன். அந்த ஆள் வீட்டு வாசப்படியை மிதிக்க மாட்டேன்"னு உன் கல்யாணத்தன்னைக்குச் சொன்னதையே சொல்லிக்கிட்டு உங்கப்பாவும் வந்தார்.

எனக்குப் போட்டு முடிச்ச நர்ஸ், "அடுத்து யாரு?"ன்னாங்க. ஊசியைப் பார்த்தாலே மயங்கி விழற மனுஷன், சட்டைக்கையைச் சுருட்டிக்கிட்டு நாற்காலியில உட்கார்ந்துட்டார்! கண்ணை இறுக்கி மூடிக்கிட்டார். நான் வாயே திறக்கலை. திறந்தா வீம்புக்கு எழுந்து போயிடுவார்.

கிளம்பும்போது டாக்டர்கிட்ட ஒரு சந்தேகம் கேட்டார் பாரு: "எங்க மாப்பிள்ளை ஊர்ல கொசு ஜாஸ்தியாமே, எதைத் தடவிக்கிறது?"

இந்தக் கடிதத்தை உன் வீட்டுக்காரர்கிட்ட காட்டு. அந்த ஒரு வார்த்தைக்கு அடியில கோடு போட்டிருக்கேன்.

ஜெயிச்ச சந்தோஷத்தில்,
அம்மா