வெயில் தாங்கிய சொட்டு மருந்து

இன்று காலை டெல்லி கிட்வாய் நகர்ச் சந்தைக்குக் காய்கறி வாங்கப் போனேன். கோழிக்கடைப் பக்கமிருந்து ஈர இறகும் தவிடும் கலந்த அந்த வாசனை வந்தது. மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எத்தனை குளித்தாலும் போகாத இந்த வாசனையோடுதானே நாம் இருவரும் கோழிநோய் ஆய்வகத்திலிருந்து ஆர்.கே.புரம் பேருந்தில் ஏறுவோம்? "பக்கத்துல யாரும் உக்கார மாட்டேங்காவ. நல்லதாப் போச்சு, காலை நீட்டிக்கிடுவோம்ட்டி" என்பாய்.

கோழிகளிடம் நீ தமிழில்தான் பேசுவாய். "இது ஹரியானா கோழிடி. உன் திருநெல்வேலித் தமிழ் இதுக்கு எப்படிப் புரியும்?" என்று கேட்டேன்.

"நோய் மட்டும் பாஷை கேட்டுக்கிட்டா வருது? நீ சும்மா இரு" என்றாய்.

நாம் சோதித்தது வெள்ளைக்கழிச்சலுக்கான புதிய தடுப்பு மருந்து. அந்த வைரஸ் ஒரு கிராமத்துக்குள் நுழைந்தால் வீட்டுக்கு வீடு கோழி செத்து விழும். ஏற்கெனவே இருந்த மருந்தைக் குளிர்பெட்டியிலேயே வைத்திருக்க வேண்டும். நாலு கோழி வளர்ப்பவள் வீட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் கெட்டுவிடும். நம் மருந்து வெயில் தாங்கும் என்று நீ நம்பினாய். அதைப் பார்த்துவிடத்தான் டெல்லியின் ஜூன் மாதச் சூட்டில் குப்பிகளை வேண்டுமென்றே வெளியே வைத்திருந்து, பிறகு கோழிகளின் கண்ணில் சொட்டுச் சொட்டாக விட்டோம்.

சில வாரம் கழித்து ரத்தம் எடுத்துப் பார்த்தபோது எதிர்ப்புச் சக்தி மிகவும் குறைவாக இருந்தது. ஆய்வக இயக்குநர் உதட்டைப் பிதுக்கினார். "விட்டுடுங்க மேடம், இதோட நிறுத்திக்கலாம்."

"ரத்தத்துல கம்மின்னா செத்துரணும்னு கோழிகிட்ட யாரு சார் சொன்னா?" என்று இந்தியில் கேட்டாய், அதிலும் திருநெல்வேலி ராகத்தோடு. சொட்டு பட்ட கண்ணிலும் மூக்கிலும் தொண்டையிலுமே பாதுகாப்பு உண்டாகியிருக்கலாம், ரத்தம் அதைக் காட்டாது என்று விளக்கினாய். அவர் சிரித்துவிட்டார். "அச்சா, கிருமியைக் கொடுத்தே பார்த்துடுங்க. ஆனா தோத்தா இந்த வேலையையே மூடிடுவோம்."

நீ தலையாட்டினாய்.

மருந்து பெற்ற கோழிகளுக்கும் பெறாதவற்றுக்கும் கிருமியைக் கொடுத்தோம். பெறாதவை சில நாளில் இறகைச் சிலிர்த்து, தலை தொங்கி, ஒவ்வொன்றாக விழுந்தன. கண்ணாடிக் கவசத்துக்குள் உன் கண் நிறைந்ததைப் பார்த்தேன். "இதுக்குக்கூட அழலைன்னா நாம என்ன மனுசங்கட்டி" என்றாய்.

மருந்து பெற்றவை இருந்த அடுத்த அறைக் கதவைத் திறக்க எனக்குக் கை வரவில்லை. நீதான் திறந்தாய். உள்ளே ஒரே கலவரம்! தீவனத் தட்டைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் ஏறி நின்று ஒரு சேவல் கூவிக்கொண்டிருந்தது. இன்னொன்று ஓடிவந்து உன் காலைக் கொத்தியது. தலைமுதல் கால்வரை மூடிய அந்த உடையோடு நீ ஆடிய ஆட்டத்தில் கண்ணாடியில் ஆவி படிந்து, சுவரில் போய் மோதினாய். நாள்கள் கடந்தும் அவை அப்படியே திடமாக நின்றன. மூலையில் ஒன்று மட்டும் இறந்து கிடந்தது. இயக்குநரிடம் அதைத்தான் முதலில் சொன்னாய்: "ஒண்ணு போயிட்டு சார். மத்ததெல்லாம் நம்மள அடிக்க வருது."

அதன்பின் உனக்குப் புற்றுநோய் என்று தெரிந்தது; அது அதிக அவகாசம் தரவில்லை. மருத்துவமனையிலும் உன் வாய் ஓயவில்லை. ஊசி போட வந்த நர்ஸிடம், "நான் ஊசி குத்தின கோழியெல்லாம் என்னைத் திருப்பிக் கொத்தியிருக்கு. நான் எவ்வளவு சமத்தா இருக்கேன் பாருங்க" என்றாய். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே நரம்பைத் தேடியது என் கண்முன் நிற்கிறது.

நீ போன பிறகுதான் மருந்து கிராமங்களுக்குப் போனது. போன மாதம் டெல்லி எல்லை தாண்டி ஒரு கிராமத்துக்கு நிலவரம் பார்க்கப் போயிருந்தேன். முக்காடு போட்ட ஒரு பெண் வந்து, "பக்கத்து ஊர்ல நோய் வந்து எல்லாம் போச்சு, தீதி. என்னோடது நிக்குது, பாருங்க!" என்று இந்தியில் சொல்லி, ஒரு கொழுத்த கோழியைத் தூக்கி என் கையில் வைத்தாள். அது ஒருமுறை என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, என் புதுத் துப்பட்டாவிலேயே எச்சமிட்டது. அவள் பதறிப்போனாள். நான் நிறுத்த முடியாமல் சிரித்தேன்.

உனக்குச் சேரவேண்டிய மரியாதை அது; உன் சார்பில் நான் வாங்கிக்கொண்டேன். துப்பட்டாவில் கறை இன்னும் முழுதாகப் போகவில்லை. நானும் அழுத்தித் தேய்க்கவில்லை.