மச்சானின் ஈக்கு மூக்கையா சம்பந்தி

பாசமுள்ள மச்சானுக்கு,

உங்கள் பதினாறாம் நாள் காரியத்தன்று தேனீப் பெட்டிக்கும் சாம்பிராணி காட்டியது நான்தான். உங்கள் படத்துக்குக் காட்டிய கையோடு, மரியாதையாகப் பெட்டி வாசலிலும் இரண்டு சுற்று சுற்றினேன். புகை கூடிவிட்டது. ராணியோடு மொத்த ஈயும் கிளம்பிப் போய்விட்டது.

"அவரு வளத்த ஈ இருக்கிறவரைக்கும் அவரு இங்கனதான் இருக்காரு" என்று அக்கா அன்றைக்குத்தான் சொல்லியிருந்தது. நான் எப்படி வாய் திறப்பேன்? ஈ உள்ளேதான் அடங்கிக் கிடக்கிறது என்று நாலு நாள் சமாளித்தேன். உச்சிப்புளி ரோட்டோரம் ஒரு பனைப் பொந்தில் ஈ கிடைத்தது. சத்தமில்லாமல் பிடித்துப் பெட்டியில் விட்டேன்.

ஊர் ஈயும் வெளியூர் ஈயும் எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்க்க, நீங்கள் இருந்தபோது ஓர் ஆராய்ச்சிப் பெண் குப்பியில் ஈ பிடித்துப் போனாளே. "என் ஈ சுத்தமான நம்மூரு ஈ. கலப்படம் வேணும்னா பக்கத்து வீட்டு மூக்கையாகிட்ட போம்மா" என்றீர்கள். அவர் கன்னியாகுமரிப் பக்கமிருந்து கருப்பு ஈ கொண்டுவந்ததற்காக ஆறு வருசம் பேசாமல் இருந்தவராயிற்றே நீங்கள்.

நீங்கள் போன பிறகும் அவள் வந்து இன்னொரு குப்பி பிடித்தாள். இரண்டு குப்பியையும் ஒப்பிட்டால் நான் ஈ மாற்றிவைத்தது தெரிந்துவிடும். போன வாரம் சோதனை முடிவோடு வந்தாள். அக்கா மோர் எடுக்க உள்ளே போனதும் கேட்டேன்.

"ரெண்டு குப்பியும் வேற வேறயாம்மா?"

"இல்லண்ணே, ஒரே ராணியோட பிள்ளைகதான்."

பனைப் பொந்தில் இருந்ததும் உங்கள் ஈயேதான், மச்சான்.

"அப்ப சுத்தமான ஈதான?"

"தாய்வழி நம்மூரு. அப்பன்வழி கன்னியாகுமரிப் பக்கம். ராணி பறந்துபோயி பல ஆண் ஈயோட சேரும்ணே. யாரு வீட்டு ஈன்னு பாக்காது."

மூணாம் வகுப்போடு நின்ற எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நான் சொன்ன பொய் உண்மையாகிவிட்டது. அதை இனி ஒத்துக்கொள்ள வேண்டுமா? நீங்கள் சொன்ன உண்மை பொய்யாகிவிட்டது. அதை யார் ஒத்துக்கொள்வது? மூக்கையாவோடு சம்பந்தம் கலந்தது தெரியாமலா இத்தனை வருசம் முறைத்துக்கொண்டு இருந்தீர்கள்?

இன்று உங்கள் வருசத் திதி. அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடத்தான் வந்தேன். அதற்குள் அக்கா சாம்பிராணித் தட்டோடு பெட்டிப் பக்கம் போய்விட்டது. ஈ கிளம்பியது. அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்ற அக்கா, மெதுவாக என் பக்கம் திரும்பியது.

"ஏலே, அன்னைக்கும் நீ இதத்தான் செஞ்சியா?"

தலையாட்டினேன்.

"நல்ல குடும்பம்லே" என்றது.

உங்கள் பிள்ளைகளைத் திரும்பக் கொண்டுவந்து சேர்ப்பேன். இனி நம் வீட்டில் ஊதுபத்தி மட்டும்தான். இது சத்தியம்.

ஈ இப்போது மூக்கையா வீட்டு மீட்டர் பெட்டிக்குள் இருக்கிறது. ஒருதரம் கேட்கப் போய்வந்தேன். எங்கே இருக்கிறது என்று அவர் அந்தப் பெட்டியைக் கையால் தட்டிக் காட்டினார். இடது கண் வீங்கித் திறக்கவில்லை, எழுத்து கோணலாக இருக்கும்.

உங்கள் மச்சினன்