வெளிர்ப் பச்சைப் பகுதி

மார்ச் 4

போதும். இத்தனை வருஷம் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தது போதும். இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

எங்கள் புள்ளிவிவர அலுவலகம் இன்று மக்களுக்கென்று ஒரு வரைபடத்தை வெளியிட்டது. நுரையீரல் நோயால் இறந்தவர்களின் கணக்கு, பகுதிவாரியாக, நிறங்களில். உழைத்தவன் நான், மேடையில் கைதட்டல் வாங்கியவர் இயக்குநர். என்னோடு ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்த மனிதர். என் பெயர் பொடி எழுத்தில்கூட இல்லை.

அதுகூடப் பரவாயில்லை. நான் வரைந்து கொடுத்தது வேறு. ஒரு மரணத்துக்கு ஒரு புள்ளி. புகை கக்கும் ஆலையை ஒட்டிய பகுதி புள்ளிகள் அப்பிக் கறுத்துக் கிடந்தது. இயக்குநர் பார்த்துவிட்டுச் சிரித்தார். “என்னப்பா இது, அம்மை போட்ட மூஞ்சி மாதிரி? சின்னப் பகுதியெல்லாம் பக்கத்துல இருக்கறதோட சேர்த்துடு. ஜனங்க பயந்துடப் போறாங்க.”

கூடாது என்றேன். “நீ கொஞ்ச நாள் லீவுல போ” என்றார். திரும்பி வந்தபோது ஆலைப் பகுதி, மேட்டிலிருக்கும் பங்களாக்களோடு சேர்ந்திருந்தது. சராசரி இறங்கிவிட்டது. வெளிர்ப் பச்சை.

மார்ச் 5

எல்லோருக்கும் பாராட்டு மின்னஞ்சல் வந்தது. எனக்கு வரவில்லை.

மார்ச் 9

தங்கை வீட்டுக்குப் போனேன். ஆலைச் சுவரை ஒட்டிய தெரு. அவள் கணவர் போன வருஷம் இருமி இருமியே போனார். வீடு மாறுவதற்காகக் கட்டி வைத்திருந்த பெட்டிகளைக் காணோம். பாத்திரங்கள் பழையபடி அலமாரியில்.

“உங்க ஆபீஸ் படத்தப் பார்த்தேண்ணா. எங்க பக்கம் வெளிர்ப் பச்சை. பயப்பட ஒண்ணுமில்லன்னுதானே அர்த்தம்? அதான் போக வேணாம்னு விட்டுட்டேன்.”

உள்ளே அவள் மகள் இருமினாள். அப்பனின் அதே இருமல்.

உண்மையைச் சொல்லாமலே எழுந்து வந்துவிட்டேன். ஏன் சொல்லல? வேலை போயிடும்னா? பென்ஷனா? சே.

மார்ச் 10

இயக்குநரிடம் கேட்டேன், அந்த ஒரு பகுதியை மட்டும் பிரித்துப் போடச் சொல்லி.

“உனக்கு எப்பவும் உன் படந்தான் பெருசு. பேரு வரலன்னுதானே கோபம்? அடுத்த தடவை போட்டுடறேன், போ.”

இவ்வளவு காலம் நான் ஏங்கியது அதற்குத்தான். கைக்கு வந்தபோது கசந்தது.

மார்ச் 15

பழைய புள்ளிப் படத்தைத் தங்கையின் மேஜையில் விரித்தேன். “ஒரு புள்ளி, ஒரு ஆள்” என்றேன்.

படத்தின் மேல் குனிந்தாள். “இதுல அவரு எதுண்ணா?”

தெரியாது. யார் வீடென்று கண்டுபிடிக்க முடியாதபடி, அந்தந்தப் பகுதிக்குள் கணினியே ஏதோ ஓரிடத்தில் புள்ளியை வைத்துவிடும். அதைச் சொன்னேன்.

ஆலைச் சுவரோரம் இருந்த ஒரு புள்ளியின் மேல் விரலை வைத்தாள். “அப்போ இதா இருக்கட்டும். வாசலுக்குக் கிட்ட.”

பிறகு எழுந்து பரணிலிருந்து பெட்டிகளை இறக்கினாள். “நான் போயிடுவேண்ணா. இந்தத் தெருவுல மத்தவங்களுக்கு யாரு சொல்லுவா?”

மார்ச் 16

இந்த எண்களில் ரகசியம் ஒன்றுமில்லை. ஆண்டறிக்கையின் பின்னிணைப்பில் எப்போதும் இருந்தவைதான், யாரும் புரட்டுவதில்லை. படமாகப் பார்த்தால் புரியும். நகரத்துக்காரர்கள் கூடிப் பேசும் இணையப் பக்கத்தில் போடப் போகிறேன்.

மூலையில் என் பெயரை அடித்தேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பெயர் இருந்தால், இது எனக்கும் இயக்குநருக்கும் உள்ள பழைய தகராறு என்பார்கள். படத்தை விட்டுவிட்டு என்னைப் பார்ப்பார்கள்.

அழித்துவிட்டேன். பெயரில்லாமலே போகட்டும். அந்தப் புள்ளிகளில் எதற்கும்தான் பெயர் இல்லை.