பதிமூன்றாம் இருக்கை

கேல்டன், இந்தியானா
19 ஆகஸ்ட் 1996

அன்பு நடீன்,

இங்கே எல்லோரும் நலம். ஐரிஸுக்கு நாளையோடு நான்கு மாதம் முடிகிறது. தூங்குகிறவளை ஒரு மணிக்கு ஒரு தரம் போய், மூச்சு வருகிறதா என்று மூக்கடியில் விரல் வைத்துப் பார்க்கிறேன். அவள் அப்பன் க்ளே சிரிக்கிறான். "அவ நல்லாத்தான் இருக்கா, நீதான் மூச்சு விட மறந்துடற" என்கிறான். நீ வந்து பார்த்து ஆறு வாரம் ஆகிறது. மாமனார் வீட்டுக்குப் போக நேரம் இருக்கிறது, எங்கள் தெருப்பக்கம் வர உனக்கு வழி தெரியவில்லை போலும்.

நேற்று அப்பாவின் கூடைப்பந்து சீசன் டிக்கெட் வந்தது. எங்கோ தவறு நடந்திருக்கிறது. வழக்கமான சி பகுதி, நான்காம் வரிசை, பதினொன்றும் பன்னிரண்டும் இல்லை. கே பகுதி, இருபத்திரண்டாம் வரிசை என்று போட்டிருக்கிறது. கூரைக்குப் பக்கத்தில். அரங்கத்துக்குப் போய் எண்ணிப் பார்த்தேன், அறுபத்தொரு படி. லிஃப்ட் கிடையாது. பக்கவாதம் வந்த பிறகு அப்பா எங்கள் வீட்டு வாசலின் மூன்று படியையே என் தோளைப் பிடித்துக்கொண்டுதான் ஏறுகிறார்.

முப்பத்தொரு வருடம் ஓர் ஆட்டம் விடாமல் அதே நாற்காலியில் உட்கார்ந்தவர். சின்ன வயதில் நம் சிநேகிதக் கூட்டத்துக்கெல்லாம் பள்ளிப் பேருந்து ஓட்டிய மனிதர். இப்போது பேச்சு நாலைந்து சொல்லுக்கு மேல் வருவதில்லை. மார்ச் முதல் நவம்பர் வரை காலண்டரைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். அந்த நாற்காலியில் இன்னொரு சீசன் உட்கார வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு.

நீ அதே டிக்கெட் அலுவலகத்தில் இருப்பதால் கவலைப்படவில்லை. சீட்டைப் புதுப்பிக்கும் படிவத்தை உன் கையில்தானே கொடுத்தேன்? ஐரிஸ் பிறந்த அன்று ஆஸ்பத்திரிக்கு வந்தாயே. "நீ புள்ளையப் பாருடி, இத நான் போட்டுடறேன்" என்றாய். மாடிப்படி கூடாது என்று டாக்டர் எழுதிய கடிதமும் அந்த உறையில்தான் இருந்தது. கொஞ்சம் பார்த்துச் சரிசெய்து விடு.

அப்பா உன்னைக் கேட்டார்.

என்றும் உன்,
மார்லிஸ்

*

27 ஆகஸ்ட் 1996

அன்புள்ள மார்லிஸ்,

குட்டிக்கு என் முத்தங்கள். வராததற்குத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அலுவலகத்தில் மூச்சு விட நேரமில்லை.

நீ நினைப்பதுபோல் தவறு எதுவும் இல்லையடி. இந்த வருடம் அரங்கம் முழுவதும் இருக்கைகளைப் புதிதாகப் பிரித்திருக்கிறார்கள். எல்லாம் புள்ளிக் கணக்கு. நன்கொடைக்குப் புள்ளி, எத்தனை வருட ரசிகர் என்பதற்குப் புள்ளி. அப்பாவின் படிவம் மே மூன்றாம் தேதி பதிவாகியிருக்கிறது. கடைசி நாள் ஏப்ரல் முப்பது. தேதி தாண்டினால் பழைய வருடங்கள் சேராது, புது ஆள் கணக்குதான். டாக்டர் கடிதம் எதுவும் கோப்பில் இல்லை. நீ அவசரத்தில் வைக்க மறந்திருக்கலாம், பிரசவ நேரம்.

தெரிந்தவர்களுக்குச் சலுகை காட்டினேன் என்று பேச்சு வந்தால் என் வேலை போய்விடும். அடுத்த வருடம் நிச்சயம் பார்க்கலாம். அப்பாவுக்கு வானொலியில் கேட்பது இன்னும் வசதியாக இருக்குமோ? ஞாயிறன்று ஆப்பிள் பை சுடுகிறேன், சாப்பிட வாயேன்.

அன்புடன்,
நடீன்

*

12 அக்டோபர் 1996

நடீன்,

உன் ஆப்பிள் பை சாப்பிட வரவில்லை. போன வாரம் வெள்ளிக்கிழமை தேவாலயத்து மீன் விருந்துக்குப் போனேன். உன் மாமனார் டுவைட் தட்டும் கையுமாக என் எதிரில் வந்து உட்கார்ந்தார்.

"என்னம்மா, உங்கப்பா தேவலையா? பெரிய மனசு அவருக்கு. சீட்டையே விட்டுக் குடுத்துட்டாராமே!"

"எந்த சீட்டு?"

"பதினொண்ணு, பன்னெண்டு. எனக்கும் வீட்டுக்காரிக்கும். நடீன் பதிமூணுல இருக்கா, இப்ப குடும்பமா ஒண்ணா உக்காரலாம். இருபது வருஷமா கார் வித்து நன்கொடை குடுக்கறேன், இப்பத்தான் தரைக்கிட்ட எடம் கெடச்சுது. எல்லாம் மருமக புண்ணியம்."

முட்கரண்டியைக் கீழே வைத்தேன். அவர் அதோடு நிற்கவில்லை. நல்ல மனிதர், பாவம், எதையும் மறைக்கத் தெரியாதவர். "அட, உன்னப் பாத்ததும்தான் ஞாபகம் வருது" என்று தன் வண்டிக்குப் போய் ஒரு பழுப்பு உறையைக் கொண்டுவந்தார். நீ ஏப்ரல் கடைசியில் உன் பழைய காரை அவர் கடையில் மாற்றினாயே, அதன் டாஷ்போர்டுப் பெட்டியில் கிடந்ததாம். "உங்கப்பா பேர் போட்டிருக்கு. நடீன்கிட்ட குடுக்கணும்னு வெச்சு, மறந்தே போச்சு."

நான் கொடுத்த உறை. உள்ளே படிவம். டாக்டர் கடிதம், நான் குத்திய அதே குண்டூசியோடு.

அப்படியென்றால் மே மூன்றாம் தேதி அலுவலகத்துக்கு வந்த படிவம் எது? திங்கட்கிழமை நீ சாப்பிடப் போயிருந்த நேரத்தில் வந்து நகல் கேட்டேன். கவுண்டரில் இருந்த பெண் எடுத்துக் கொடுத்தாள். அப்பாவின் கையெழுத்து எவ்வளவு அழகு! பேருந்து வளைவில் திரும்புவதுபோல் குடும்பப் பெயரின் அந்த 'டி', முப்பது வருடமும் போட்டபடியே. பழைய படிவங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிதானமாக எழுதியிருக்கிறாய்.

ஒன்றை மட்டும் மறந்துவிட்டாய். அப்பாவின் வலது கை போன நவம்பரில் விழுந்துவிட்டது. இடது கையால்தான் போடுகிறார், கோழி கிளறியதுபோல். உறையில் இருக்கும் அசல் படிவத்தில் அப்படித்தான் இருக்கிறது. இதையெல்லாம் நீ பக்கத்தில் இருந்து பார்த்தவள். பிப்ரவரி ஆட்டங்களில் ஒற்றைக் கையால் தட்ட முடியாமல் அவர் இடது கையை நீட்ட, உன் உள்ளங்கையைக் கொடுத்துத் தட்ட வைத்தவளே நீதானே?

இரண்டு படிவங்களும் என் மேசை இழுப்பறையில் இருக்கின்றன.

மார்லிஸ்

*

20 அக்டோபர் 1996

என் மார்லிஸ்,

மூன்று தாள் கிழித்துப் போட்டுவிட்டு இதை எழுதுகிறேன்.

உறையைக் காரில் வைத்தேன், மறந்தேன். அது சத்தியம். மே மாதம் ஞாபகம் வந்தபோது கார் இல்லை, உறை எங்கே என்றும் தெரியவில்லை. படிவமே வராவிட்டால் அப்பாவின் பெயரையே எடுத்துவிடுவார்கள் என்று பயந்து புதிதாக ஒன்று எழுதினேன். அப்போதே மேலதிகாரியிடம் சொல்லியிருக்கலாம். சொல்லத்தான் போனேன். அதற்குள் மாமா, "அந்த ரெண்டு சீட்டு காலி போலிருக்கே?" என்று கேட்டுவிட்டார். கல்யாணமாகி ஐந்து வருடத்தில் அந்த வீட்டில் எனக்கு ஒரு நல்ல பேர் கிடைத்ததில்லை மார்லிஸ். வாயை மூடிக்கொண்டேன்.

உன் காலில் விழுகிறேன். அந்தத் தாள்களை விளையாட்டுத் துறை இயக்குநரிடம் கொடுத்துவிடாதே. அடுத்த சீசன் நானே பார்த்துக்கொள்கிறேன்.

நடீன்

*

9 டிசம்பர் 1996

திருமதி நடீன் ஹோல்ப்ரூக் அவர்களுக்கு,

அடுத்த சீசன் என்கிறீர்கள். அப்பாவுக்கு அடுத்த சீசன் உண்டா என்பதை டாக்டரே சொல்லவில்லை.

சனிக்கிழமை நீங்கள் எங்களைப் பார்த்தீர்கள். பார்க்க வேண்டும் என்றுதான் வந்தோம். ஆனாலும் எப்படி வந்தோம் என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் அரங்கத்தில் அறுபத்தொரு படி ஏறாமல் உட்கார இன்னும் ஓர் இடம் இருக்கிறது. எதிரணியின் பெஞ்சுக்குப் பின்னால், அவர்கள் ஊர்க்காரர்களுக்கு ஒதுக்கிய வரிசை. எதிரணியான ஆஷ்ஃபோர்ட் கல்லூரிக்குப் போன் செய்தேன். "நீங்க எங்க ஆளா?" என்று அந்தம்மாள் கேட்டாள். "ஒரே ஒரு நாளைக்கு" என்றேன்.

அப்பாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு சிவப்புச் சட்டைகளுக்கு நடுவில் போனேன். அவர் நம் அணியின் பச்சைத் தொப்பியைக் கழற்றவில்லை. பக்கத்தில் இருந்த பெண்மணி குளிருகிறதே என்று ஒரு சிவப்புப் போர்வையை மடியில் போட்டாள், அதைக் காலால் தள்ளிவிட்டார். "யாரு இந்தப் பெரியவர்?" என்றாள். "நாலாம் வரிசைக்காரர், எடம் மாத்திட்டாங்க" என்றேன். ஒருத்தர் விடாமல், கேட்டவர்கள் கேட்காதவர்கள் எல்லோருக்கும் சொன்னேன். உங்கள் பெயரையும் சொன்னேன்.

ஆட்டம் தொடங்கியது. நம்மவர்கள் முதல் கூடை போடும்வரை நம் ஊரில் யாரும் உட்கார மாட்டார்கள். அப்பாவும் எழுந்தார். கம்பியை இடது கையால் பிடித்துக்கொண்டு, எதிரிகள் அத்தனை பேரும் உட்கார்ந்திருக்க அவர் ஒருவர் மட்டும். நம் பையன்கள் அன்று ஆறு நிமிடம் ஒரு கூடை போடவில்லை. அப்பாவின் கால் நடுங்கியது. பிடிக்கப் போனேன், முறைத்தார்.

எதிர்ப்பக்கம் சி பகுதி முழுவதும் பந்தைப் பார்க்கவில்லை, எங்களைத்தான் பார்த்தது. "வெர்லின் ஏன் அங்க நிக்கறாரு?" என்று அப்பாவைப் பற்றிய கேள்வி வரிசை வரிசையாகப் போனதை அங்கிருந்தே கண்டேன். உங்கள் மாமனார் ஒருவரிடம் கேட்டார், அடுத்தவரிடம் கேட்டார், பிறகு உங்கள் பக்கம் திரும்பினார். நீங்கள் உங்கள் காலணியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். இடைவேளைக்குப் பின் பதினொன்று, பன்னிரண்டு, பதிமூன்று மூன்றும் காலி.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவுக்குக் கால் வீங்கிவிட்டது. நான் பயந்து அழுதேன். ஆனாலும், உண்மையைச் சொல்கிறேன், இத்தனை மாதத்தில் அன்றுதான் எனக்கு நன்றாகப் பசித்தது.

இப்படிக்கு,
மார்லிஸ் டீட்ரிக்

*

18 டிசம்பர் 1996

மார்லிஸ்,

நீங்கள் என்றா எழுதுவாய் எனக்கு?

மாமா இரண்டு சீட்டையும் அப்பா பெயருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். இயக்குநர் கையெழுத்தும் ஆகிவிட்டது, இனி யாரும் மாற்ற முடியாது. டிக்கெட்டுகள் இதோடு இருக்கின்றன. மாமா வீட்டில் என்னோடு பேசுவதில்லை. "ஒரு நோயாளி எடத்துல என்ன ஒக்கார வெச்சுட்டியே" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அதற்கு மேல் எனக்கு என்ன தண்டனை வேண்டும்?

நீ கேட்டது கிடைத்துவிட்டது. அந்த இரண்டு தாளையும் அடுப்பில் போட்டுவிடு. இந்த வேலை ஒன்றுதான் எனக்கென்று இருக்கிறது. அப்பாவிடம் நானே வந்து மன்னிப்புக் கேட்கட்டுமா? அதுவரை அந்தப் பக்கம் வர எனக்கு முகமில்லை.

நடீன்

*

13 ஜனவரி 1997

நடீன்,

சனிக்கிழமை அப்பா பதினொன்றில் உட்கார்ந்தார். நான் பன்னிரண்டில், ஐரிஸ் என் மடியில். இரைச்சலில் அவள் காது என்ன ஆகுமோ என்று பஞ்சு வைத்திருந்தேன். சி பகுதி முழுவதும் வந்து அப்பாவின் தோளைத் தொட்டுவிட்டுப் போனது. அவர் நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டே இருந்தார்.

எல்லோரும் எழுந்தோம். கைதட்டல் தொடங்கியது. அப்பா தன் இடது கையை என்னைத் தாண்டிப் பதிமூன்றின் பக்கம் நீட்டினார். உள்ளங்கை விரித்து, காத்துக்கொண்டு. நான் என் கையைக் கொடுத்தேன். தள்ளிவிட்டார். திரும்ப நீட்டினார்.

"நடீன்?" என்றார். இரண்டு மாதத்தில் அவர் வாயிலிருந்து தெளிவாக வந்த சொல் அது ஒன்றுதான்.

"அவ ஊர்ல இல்லப்பா."

முதல் கூடை விழுந்தது. எல்லோரும் உட்கார்ந்தார்கள். அவர் கை இன்னும் அங்கேயேதான் இருந்தது. நானே பிடித்து மடியில் வைத்தேன்.

அந்த நிமிடம் உன்னை மன்னித்துவிடலாம் என்று தோன்றியது. பொய் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து தாள்களைக் கையில் எடுத்தேன், அடுப்பருகேகூடப் போனேன். பிறகு இரண்டு கையெழுத்தையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அவருடைய கோணல் எழுத்தும், நீ போட்ட அந்த அழகான எழுத்தும். அவர் இழந்த கையை நீ எடுத்து உபயோகித்திருக்கிறாய். நாற்காலியைத் திருப்பிக் கொடுக்க முடிந்தது. அதை எப்படித் திருப்பிக் கொடுப்பாய்?

இன்று காலை ஐரிஸை இடுப்பில் வைத்துக்கொண்டு தபால்பெட்டி வரை நடந்தேன். இயக்குநரின் பெயருக்கு அந்த இரண்டு தாளும் வைத்த உறையைப் போட்டேன். உள்ளே விழும் சத்தம் கேட்டு அவள் சிரித்தாள். இந்தக் கடிதத்தை அதற்குப் பிறகுதான் எழுதுகிறேன், நீ வந்து கெஞ்சி நான் மனம் மாறிவிடக் கூடாதே என்று.

வீட்டுக்கு வராதே. அப்பாவிடம் நான் எதுவும் சொல்லவில்லை, சொல்லவும் மாட்டேன். அவருக்கு நீ நல்லவளாகவே இருந்துவிட்டுப் போ.

இந்தச் சனிக்கிழமையும் ஆட்டம் இருக்கிறது. மறுபடி கையை நீட்டுவார், மறுபடி கேட்பார். எத்தனை தடவைதான் ஊரில் இல்லை என்பது? என்ன சொல்ல வேண்டும் என்று ஒரு வரி எழுது.

வேண்டாம். எழுதாதே.

மார்லிஸ்